ஜாப் கார்டில் உங்கள் சொல் இருக்கிறதா?

கரடுமுரடான பாதைகளுக்கென்றே வாங்கிய நான்கு சக்கர இயக்க வண்டி அது. ஆனால் அதன் ஸ்டீயரிங் நெடுஞ்சாலையில் திடீரென நடுங்குகிறது. பள்ளங்களில் இறங்கி ஏறும்போது முன்புறச் சஸ்பென்ஷனிலிருந்து ‘டக் டக்’ என்ற ஓசை எழுகிறது. விற்பனை நிலையத்தின் பணிமனையில் விட்டால், மாலையில் வண்டி கழுவித் துடைக்கப்பட்டுத் திரும்பி வருகிறது. அதனுடன் ஒரு பதிலும் வருகிறது: “ஓட்டிப் பார்த்துட்டோம் சார், ஒண்ணும் தெரியல. இந்த மாடல் வண்டியே இப்படித்தான் இருக்கும்.” பல இலட்சம் ரூபாய் கொடுத்து வாங்கியவர் வாயடைத்துப் போகிறார். இத்தகைய தகராறுகளில் வாடிக்கையாளர் தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றே. நியாயம் அவர் பக்கம் இருக்கிறது. எழுத்து அவர் பக்கம் இல்லை.

வாகனக் கடன் வழங்கும் மேசையில் அமர்ந்திருப்பவனுக்கு ஸ்டீயரிங்கைப் பற்றி என்ன கவலை என்று வாசகர்கள் கேட்கலாம். பணிமனையில் இரண்டு முறை ஏமாற்றமடைந்தவர் மூன்றாவதாக வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் வங்கிக் கிளைதான். “வண்டி சரியாகும் வரை தவணை கட்ட மாட்டேன்” என்று அவர் சொல்லும்போது, அது எங்கள் கவலையாகவும் ஆகிவிடுகிறது. பல மாநிலங்களில் பணியாற்றிய காலத்தில் இந்தக் காட்சியைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து உருவான சில கருத்துகளை இங்கே முன்வைக்கிறேன்.

இயல்பா, குறையா?

முதலில் விற்பனை நிலையத்தாரின் வாதத்துக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். “இந்த வண்டி இப்படித்தான் இருக்கும்” என்ற பதில் எப்போதும் பொய்யன்று. மலைப்பாதைக்கும் சேற்றுக்கும் வடிவமைக்கப்பட்ட வண்டி நகரத்துக் காரைப்போல ஓடாது. இவற்றில் பல, தனிச் சட்டகத்தின்மீது உடலைப் பொருத்திக் கட்டப்பட்டவை. சிலவற்றில் முன் சக்கரங்கள் இரண்டையும் ஒரே உறுதியான அச்சு இணைக்கிறது. அதனால் ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மறு சக்கரமும் அதை உணரும். உயரமான டயர்கள், நீண்ட சஸ்பென்ஷன் அசைவு, குறுகிய சக்கர இடைவெளி ஆகியவை சேரும்போது நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் சற்றுத் தளர்வாகத் தோன்றுவது இயற்கை. காரிலிருந்து முதன்முறையாக இத்தகைய வண்டிக்கு மாறுபவர் இதைப் பழுதென்று எண்ணக்கூடும்.

ஆயினும் இயல்புக்கும் குறைக்கும் இடையே தெளிவான எல்லைகள் உண்டு. சமதளமான சாலையில் வண்டி தொடர்ந்து ஒரே பக்கம் இழுத்தால் அது இயல்பன்று. வளைவைக் கடந்தபின் ஸ்டீயரிங் தானே நடுநிலைக்குத் திரும்பாவிட்டால், அதுவும் இயல்பன்று. டயரின் ஓர் ஓரம் மட்டும் விரைந்து தேய்வது, ஷாக் அப்சார்பரிலிருந்து எண்ணெய் கசிவது, சிறு மேடுகளில்கூட உலோகம் மோதும் ஓசை கேட்பது ஆகியவை கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் அறிகுறிகள். எல்லாவற்றினும் ஆபத்தானது, பாலத்தின் இணைப்பிலோ குழியிலோ சக்கரம் இடித்தவுடன் ஸ்டீயரிங் கடுமையாக நடுங்கத் தொடங்கி, வேகத்தை வெகுவாகக் குறைக்கும் வரை நிற்காமல் இருப்பது. முன்புறம் உறுதியான அச்சுள்ள வண்டிகளில் இது உலகெங்கும் அறியப்பட்ட கோளாறு. தளர்ந்த போல்ட், தேய்ந்த ரப்பர் புஷ், டை ராடு முனை, பால் ஜாயின்ட், சமநிலை தவறிய சக்கரம், பிழையான காஸ்டர் கோணம் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இதற்குக் காரணமாகலாம்.

இயல்பா குறையா என்ற கேள்விக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. அதே நிறுவனத்தின் அதே மாடலில், காட்சிக்கூடத்தின் சோதனை வண்டியொன்றை எடுத்து, இரண்டிலும் டயர் காற்றழுத்தத்தைச் சமமாக்கி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதுதான் அது. இரண்டும் ஒரேமாதிரி நடந்துகொண்டால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியது வாடிக்கையாளரின் கடமை. உங்கள் வண்டி மட்டும் நடுங்கினால், ‘இந்த மாடலே இப்படித்தான்’ என்ற வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது. இச்சோதனையைக் கேட்டுப் பெறும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டென்றே நான் கருதுகிறேன். அதற்கு மறுப்புச் சொல்லும் விற்பனை நிலையம், தன் வாதத்தில் தனக்கே நம்பிக்கையில்லை என்று ஒப்புக்கொள்கிறது.

பதிவாகாதது நடக்காதது

வணிகவியல் படித்தவர்களுக்கு முதலில் கற்பிக்கப்படும் பாடம், ஆதாரச் சீட்டு இல்லாத பதிவு செல்லாது என்பது. உங்கள் கணக்கில் பணம் செலுத்தியதற்குச் சான்று பாஸ்புக்கில் உள்ள வரி. வண்டியின் குறையைச் சொன்னதற்குச் சான்று ஜாப் கார்டில் உள்ள வரி. இந்த ஒப்புமையை நம்மில் பலர் உணர்வதில்லை. சேமிப்புக் கணக்கில் ஐந்நூறு ரூபாய் குறைந்தால் கிளைக்கு ஓடி வருகிறவர்கள், பதினைந்து இலட்சம் ரூபாய் வண்டியின் ஜாப் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே கையொப்பமிடுகிறார்கள்.

அங்கே பெரும்பாலும் எழுதப்படுவது ‘பொதுப் பரிசோதனை’ என்ற இரண்டு சொற்கள்தான். நீங்கள் சர்வீஸ் அட்வைசரிடம் பத்து நிமிடம் விளக்கிச் சொன்ன நடுக்கம், அது எழும் வேகம், அது தோன்றும் சாலை எதுவும் அதில் இடம்பெறுவதில்லை. ஆறு மாதம் கழித்து உத்தரவாதக் காலம் முடியும் தறுவாயில், “நீங்கள் இதுவரை இப்படியொரு புகாரே சொல்லவில்லையே” என்று கேட்கும்போது காட்டுவதற்கு உங்களிடம் ஒன்றும் இருப்பதில்லை. மாறாக, உத்தரவாதக் காலத்துக்குள் மூன்று முறை ஒரே குறை ஒரே சொற்களில் பதிவாகியிருந்தால், அக்காலம் முடிந்த பிறகும் வாதாட உங்களுக்கு வலுவான இடமிருக்கும்.

ஆகவே, ஜாப் கார்டில் உங்கள் சொற்களையே எழுதச் சொல்லுங்கள். ‘ஸ்டீயரிங் சரியில்லை’ என்பது புகாரன்று, மனக்குறை. ‘மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில், பாலத்து இணைப்பில் இடது முன்சக்கரம் ஏறியவுடன் ஸ்டீயரிங் இருபுறமும் கடுமையாக ஆடுகிறது, 40-க்குக் கீழ் வந்த பிறகே நிற்கிறது’ என்பது புகார். முன்னது தொழில்நுட்பப் பணியாளருக்கு எந்த வழியையும் காட்டாது. பின்னது அவர் எங்கே தேட வேண்டும் என்பதையே சொல்லிவிடுகிறது. துல்லியமாகச் சொல்லப்பட்ட புகார் சட்டத்துக்கு மட்டுமல்ல, பழுது நீங்கவும் உதவுகிறது.

வண்டியைத் திரும்பப் பெறும்போதும் இதே கவனம் வேண்டும். வீல் அலைன்மென்ட் பார்த்தோம் என்றால், சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த டோ, கேம்பர், காஸ்டர் அளவுகளின் அச்சுப் பிரதியைக் கேட்டுப் பெறுங்கள். குறை ஒன்றும் இல்லை என்றால், ‘பரிசோதித்தோம், குறை காணப்படவில்லை’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் எளிதாகச் சொல்லிவிடும் இதே வாக்கியத்தை எழுத்தில் தரப் பலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்திலேயே பாதி உண்மை வெளிப்பட்டுவிடும்.

குடகில் கண்டது

நான் கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் பணியாற்றியபோது, எங்கள் கிளையில் கடன் பெற்று இத்தகைய வண்டியொன்றை வாங்கிய காப்பித் தோட்டக்காரர் ஒருவர் ஒருநாள் மிகுந்த கோபத்துடன் வந்தார். தோட்டத்துச் செம்மண் பாதையில் அந்த வண்டி குறையின்றி ஓடியது. மைசூரு நெடுஞ்சாலையில் மட்டும், பாலங்களைக் கடக்கும்போது ஸ்டீயரிங் கையைவிட்டுப் பறிப்பதுபோல் நடுங்கியது. ஒருமுறை பின்னால் லாரி வந்துகொண்டிருந்த வேளையில் அவ்வாறு நேர்ந்திருக்கிறது. மனைவியும் பேரக்குழந்தையும் உடனிருந்தனர். இரண்டு முறை பணிமனைக்குச் சென்றும் ‘இயல்புதான்’ என்ற பதிலே கிடைத்தது. ஆகவே தவணையை நிறுத்திவிடத் தீர்மானித்து வந்திருந்தார்.

அவரிடமிருந்த இரண்டு ஜாப் கார்டுகளையும் வாங்கிப் பார்த்தேன். நடுக்கம் என்ற சொல்லே அவற்றில் இல்லை. மூன்றாம் முறை செல்லும்போது புகாரை வேகம், இடம், அறிகுறி என்று வகுத்து எழுதித் தருமாறும், பணிமனையின் மூத்த தொழில்நுட்பப் பணியாளரை அருகில் அமர்த்தி அதே பாலத்தின்மேல் ஓட்டிக் காட்டுமாறும் கேட்டுக்கொண்டேன். அவர் அப்படியே செய்தார். முதலில் ஸ்டீயரிங் டேம்பரை மாற்றித் தந்தார்கள். நடுக்கம் சில வாரங்கள் அடங்கியிருந்து மீண்டும் தலைகாட்டியது. டேம்பர் என்பது அதிர்வை விழுங்கும் கருவி. காரணத்தைக் களையாமல் அதை மட்டும் மாற்றினால் நோய் இருக்க, காய்ச்சலை மட்டும் தணித்ததாகிவிடும். நான்காம் முறை அச்சை முழுமையாக ஆராய்ந்தபோது, முன் அச்சைச் சட்டகத்தோடு குறுக்காகப் பிணைக்கும் பானார்டு ராடின் புஷ் தேய்ந்து, அதன் போல்ட்டும் தளர்ந்திருந்தது தெரியவந்தது. அதை மாற்றியபின் நடுக்கம் நின்றது. புஷ்ஷும் போல்ட்டும் உத்தரவாதத்தில் அடங்கின. வீல் அலைன்மென்ட் அடங்காது என்று சொல்லி அதற்குக் கட்டணம் வாங்கினார்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டே கட்டி, இரசீதைப் பத்திரப்படுத்தினார்.

இதில் எவரும் வில்லன் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பணிமனை ஊழியர் நகரச் சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். அங்கே நடுக்கம் வரவில்லை. ஆகவே ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று அவர் சொன்னது பொய்யன்று. எந்த வேகத்தில், எந்த இடத்தில் தேட வேண்டும் என்ற செய்தி அவரை எட்டவே இல்லை. புகாரைக் கேட்டுக்கொள்பவர் ஒருவர், பழுது பார்ப்பவர் வேறொருவர். இருவருக்குமிடையே உள்ள ஒரே பாலம் அந்த ஜாப் கார்டு. அதில் இரண்டு சொற்கள் மட்டும் இருந்தால் பாலம் எப்படித் தாங்கும்?

தவணையை நிறுத்துவது தீர்வாகாது

வண்டி சரியில்லாதபோது தவணையை நிறுத்துவது விற்பனை நிலையத்துக்குத் தண்டனையாகும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை அதற்கு மாறானது. கடன் வழங்கப்பட்ட நாளிலேயே வண்டிக்குரிய தொகை விற்பனை நிலையத்தின் கணக்குக்குச் சென்றுவிட்டது. விற்பனை ஒப்பந்தம் உங்களுக்கும் விற்பவருக்கும் இடையிலானது. கடன் ஒப்பந்தம் உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலானது. தவணை நின்றால் விற்பவருக்கு ஒரு ரூபாயும் குறையாது. கடன் தகவல் நிறுவனங்களில் உள்ள உங்கள் மதிப்பெண்தான் குறையும். நிலுவை 90 நாள்களைக் கடந்தால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். கணக்கில் போதிய பணமின்றி மின்னணுத் தவணை திரும்பினால், 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்கீழ் அது குற்றமாகவும் கருதப்படலாம். நியாயம் கேட்டுப் போனவர் கடன் தவறியவராகத் திரும்பும் அவலம் எவருக்கும் நேர வேண்டாம்.

இதைச் சொல்லும்போதே வங்கிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இது என் தனிப்பட்ட கருத்து. விற்பனை நிலையங்களோடு வங்கிகளுக்குத் தொடர்பு உண்டு. அவர்கள் அனுப்பும் வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் கடன் தருகிறோம். அந்த வண்டியின்மீது எங்களுக்கு அடமான உரிமையும் இருக்கிறது. ஓட்டுவதற்கு ஆபத்தான வண்டி எங்களுக்கும் நல்ல பிணையமன்று. ஆகவே, “அது உங்களுக்கும் அவர்களுக்கும் உள்ள விவகாரம்” என்று சொல்லி நாங்கள் கைகழுவிவிடுவது சட்டப்படி சரியாக இருக்கலாம், முறைப்படி சரியன்று. ஒரே விற்பனை நிலையத்தைப் பற்றித் திரும்பத் திரும்பப் புகார் வந்தால், கிளை மேலாளர் அந்நிலையத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு வாடிக்கையாளரின் பத்துக் கடிதங்களைவிட எடை அதிகம்.

சட்டம் தருவதும் தராததும்

பேச்சு பயனளிக்காதபோது செல்வதற்கு வழி இருக்கிறது. சர்வீஸ் மேலாளர், நிலையத்தின் உரிமையாளர், தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவு என்று படிப்படியாக எழுத்தில் சென்றபின், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். வழக்கு தொடுக்காமலே பல புகார்கள் அங்கே தீர்கின்றன.

அதற்கு மேல், 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. வண்டியை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். செலுத்திய தொகை 50 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 10 முதல் 20 இலட்சம் வரையிலான வண்டிக்கு முறையீட்டுக் கட்டணம் 400 ரூபாய்தான். வழக்கறிஞர் இன்றி நீங்களே வாதாடலாம். விற்றவர், தயாரித்தவர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்ப்பது நல்லது. இல்லையேல் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்க இடமுண்டு. தகராறுக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பதை மறக்கலாகாது.

எதிர்பார்ப்புக்கும் ஓர் அளவு வேண்டும். ஒரு பாகம் பழுதானால் புது வண்டியே தர வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. 2006-ஆம் ஆண்டில் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், உத்தரவாத விதியின்படி பழுதான பாகத்தை மாற்றித் தருவதே கடமை, முழுக் காரையும் மாற்ற ஆணையிட முடியாது என்று கூறியது. உற்பத்திக் குறை என்று வாதிடுவோர் அதை மெய்ப்பிக்க வேண்டும். அதற்கு வல்லுநரின் அறிக்கை பெரும்பாலும் தேவைப்படும். அந்த வல்லுநரும் முதலில் கேட்பது உங்கள் ஜாப் கார்டுகளைத்தான்.

வண்டியின் உரிமையாளர் செய்யக்கூடாதது ஒன்றும் உண்டு. புதிதாக வாங்கிய உடனே பெரிய டயர்களைப் பொருத்துவது, சஸ்பென்ஷனை உயர்த்தும் பாகங்களை வெளிக்கடையில் மாட்டுவது இப்போது இளைஞரிடையே வழக்கமாகிவருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதற்குத் தடை விதிக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. சட்டம் ஒருபுறம் இருக்க, சஸ்பென்ஷனின் உயரம் மாறினால் ஸ்டீயரிங் கோணங்களும் மாறுகின்றன. அதன்பின் எழும் நடுக்கத்துக்கு யார் பொறுப்பு என்பதை எந்த வல்லுநராலும் எளிதில் சொல்ல முடியாது. உத்தரவாதத்தை மறுக்க விற்பனை நிலையத்துக்கு அதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

மற்றொரு வாய்ப்பையும் பலர் அறிவதில்லை. ஒரே குறை பல வண்டிகளில் இருந்தால், அது தனிமனிதர் சிக்கலன்று. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 110-ஏ பிரிவு, பாதுகாப்புக் குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு தயாரிப்பாளருக்கு ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்குகிறது. அதற்குரிய விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. அந்த அதிகாரம் இயங்குவதற்கு உரிமையாளர்களின் புகார்களும் ஓர் அடிப்படையாகின்றன. நீங்கள் பதிவு செய்யும் புகார், வேறொரு மாநிலத்தில் அதே வண்டியை ஓட்டும் முகமறியாத ஒருவருக்கும் பாதுகாப்பாக அமையலாம்.

விற்பனை நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோள்

விளம்பரத்தில் அந்த வண்டி ஆற்றைக் கடக்கிறது, பாறையில் ஏறுகிறது, மணற்குன்றில் பாய்கிறது. சஸ்பென்ஷன் பழுதென்று பணிமனைக்கு வந்தால், “மோசமான பாதையில் ஓட்டியிருக்கிறீர்கள்” என்று அதே செயல் குற்றமாகிவிடுகிறது. கரடுமுரடான பாதைக்கென விற்ற வண்டி கரடுமுரடான பாதையில் ஓடியதை முறைகேடான பயன்பாடு என்பது எவ்வகையிலும் பொருந்தாது. எந்தப் பயன்பாடு உத்தரவாதத்தில் அடங்கும், எது அடங்காது என்பதை விற்கும் நாளிலேயே, வாங்குபவரின் மொழியில், ஒரு பக்கத்தில் எழுதித் தருவதில் என்ன சிரமம்? அத்துடன், ஜாப் கார்டில் வாடிக்கையாளரின் சொற்களை அப்படியே எழுதுவதை எல்லா நிலையங்களும் கட்டாய நடைமுறையாக்க வேண்டும். வங்கியில் புகார் கொடுத்தால் புகார் எண் தருகிறோம். வாகனப் பணிமனையில் மட்டும் அது ஏன் கூடாது?

ஸ்டீயரிங்கும் சஸ்பென்ஷனும் ஏ.சி.யைப் போலவோ பாட்டுப் பெட்டியைப் போலவோ வசதிக்கான கருவிகள் அல்ல. அவை தவறினால் வண்டியில் இருப்பவர்களோடு எதிரே வருகிறவர்களும் ஆபத்துக்குள்ளாவார்கள். ஆகவே இவ்விஷயத்தில் கூச்சமோ அவசரமோ வேண்டாம். அடுத்த முறை பணிமனையில் ஜாப் கார்டை நீட்டி, “இங்கே ஒரு கையெழுத்து சார்” என்று சொல்லும்போது, பேனாவை வாங்குவதற்கு முன் இரண்டு நிமிடம் அதைப் படியுங்கள். நீங்கள் சொன்னது அதில் இல்லையென்றால், எழுதச் சொல்லிவிட்டுப் பிறகு கையொப்பமிடுங்கள்.